மெஷின் கனவு கண்ட அப்பா... பேப்பர் நடத்திய மகன்! புதுச்சேரிக்கு வந்த எட்டயபுரத்து சுப்பையாவின் கதை

சின்ன வயசுல உங்க வீட்ல எதுக்குத் தடா போட்டாங்க? டி.வி ரிமோட்டை ஒளிச்சு வெச்சிருப்பாங்க. செல்போனுக்கு பாஸ்வேர்டு மாத்தியிருப்பாங்க. பரீட்சை வந்தா கேபிள் கனெக்‌ஷனையே கட் பண்ணின வீடுகளும் உண்டு. காரணம் எல்லா வீட்லயும் ஒண்ணுதான்: அந்த மெஷினை விட்டுட்டுப் போய் வெளியே விளையாடு!

இதை அப்படியே தலைகீழா திருப்பிப் போடுங்க. வெளியே விளையாடாதே, உள்ளே வந்து கணக்கையும் மெஷினையும் கத்துக்கோன்னு சொன்ன ஓர் அப்பா. வாசலில் நின்று மற்ற பையன்கள் ஆடுவதை ஏக்கத்தோடு பார்த்த ஒரு பையன். 1880-களின் எட்டயபுரம் அது. பையனின் பேர் சுப்பையா. பாரதியார் என்று சொன்னால் உங்களுக்கு முறுக்கு மீசையும் தலைப்பாகையும்தான் ஞாபகம் வரும். நாம் பேசப்போறது அந்த மீசைக்கு முந்தைய ஆளைப் பற்றி. அப்புறம், அந்தப் பையன் வளர்ந்து நம்ம ஊர்ல வந்து நடத்திய பத்திரிகையைப் பற்றி.

நம்ம ஊர்னா புதுச்சேரி. குருசுக்குப்பம் கடற்கரையிலிருந்து தெற்கே நடந்து, அஜந்தா சிக்னலைத் தாண்டி, கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பினால் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி. காலாற நடக்கிற தூரம்தான். அங்கே பாரதி வாழ்ந்த வீடு இன்றைக்கு நினைவில்லமாக நிற்கிறது. ஸ்கூல் டூர்ல ஒரு தடவை போயிருப்பீங்க, கண்ணாடிப் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு மறந்திருப்பீங்க. பரவாயில்லை.

கரிசல் காட்டில் ஒரு ஆலை

1882 டிசம்பர் 11-ல் பிறந்தார் சுப்பையா. அதே 1882-ல்தான் சென்னையில் ஜி.சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். இந்த ரெண்டும் பின்னாடி ஒரு இடத்துல சந்திக்கும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

அப்பா சின்னசாமி ஐயருக்கு எட்டயபுரம் சமஸ்தானத்தில் வேலை. அந்தக் காலத்துச் சராசரி அரண்மனை உத்தியோகஸ்தர் இல்லை அவர். கணக்கில் புலி. மேல்நாட்டு இயந்திரங்கள் மேல் அப்படியொரு பித்து. எட்டயபுரம் கரிசல் மண், சுற்றிலும் பருத்தி. விளைகிற பருத்தி அப்படியே மூட்டை மூட்டையாகக் கப்பலேறிப் போகிறது. இங்கேயே மெஷின் வைத்தால் என்ன என்று யோசித்து, இறங்கியே விட்டார். எட்டயபுரத்தில் ஒரு பருத்தி ஆலை வந்தது. இன்றைய பாஷையில் சொன்னா, சின்ன டவுன்ல ஒரு ஸ்டார்ட்அப். கையில் இருந்ததையும் பிறரிடம் திரட்டியதையும் அதில் கொட்டினார்.

அப்படிப்பட்டவர் தன் மகனை என்ன ஆக்க நினைப்பார்? வேறென்ன. மகனுக்குக் கணக்கு வரணும், இங்கிலீஷ் வரணும், இயந்திரம் வரணும். பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்கு சொல்லிக் கொடுப்பாராம். பையனோ அந்தச் சொல்லுக்கு எதுகையாக வருகிற சொற்களை முணுமுணுத்துக்கொண்டு இருப்பானாம். குடும்பத்தினர் சொல்லி வந்த கதை இது. எனக்கு இந்தக் காட்சியில் அப்பா மேலும் கொஞ்சம் பரிதாபம் வரும். ஆசை ஆசையாக ஒன்றைக் கற்றுத்தருகிறார், எதிரே இருப்பவன் காதில் விழுவது சத்தம் மட்டும்.

ஐந்து வயதில் சுப்பையாவுக்கு அம்மா லட்சுமி அம்மாள் தவறிப்போனார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். தெருப் பையன்களோடு சேரக் கூடாது, மரம் ஏறக் கூடாது, குளத்தில் குதிக்கக் கூடாது. புதுச்சேரியில் இருக்கும்போது, சுமார் இருபத்தெட்டு வயதில், பாரதி தன் வாழ்க்கையைக் கவிதையாகவே எழுதினார். 'கனவு' என்று அதற்குப் பெயர். மற்ற பிள்ளைகள் ஆடிக் களிப்பதைத் தூரத்தில் நின்று பார்த்து ஏங்கியதையும், அப்பாவுக்குப் பயந்து தனியாகவே கிடந்ததையும் அதில் பதிவு செய்திருக்கிறார். நாடு கடந்து, போலீஸ் தேடுகிற நிலையில் இருக்கும் ஒருவர் உட்கார்ந்து எழுதும்போது, விளையாட விடவில்லை என்பது ஞாபகத்துக்கு வருகிறதென்றால் அது எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கும்னு பார்த்துக்கோங்க.

தனியாக இருந்த பையனுக்குச் சொற்கள் துணை. பதினோரு வயதில் எட்டயபுரம் அரசவையில் கவி சொல்லி, 'பாரதி' பட்டம் வாங்கினான். அப்பா அதில் மனம் மாறவில்லை. திருநெல்வேலி இந்துக் கல்லூரியின் பள்ளியில் இங்கிலீஷ் படிக்க அனுப்பினார்.

கம்பெனி கவிழ்ந்தது

ஆலை ஓடவில்லை. அந்தக் காலத்தில் பருத்தியும் நூலும் ஐரோப்பியக் கம்பெனிகள் கையில். பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் ஹார்வி சகோதரர்களின் பெரிய ஆலைகள் எழுந்த வருடங்கள் அவை. ஊர்ப்பணத்தில் நடந்த ஒரு சின்ன ஆலை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? சின்னசாமி ஐயர் எல்லாவற்றையும் இழந்தார். அயலார் செய்த சூழ்ச்சியில் அப்பாவின் பணம் போனது என்றுதான் மகன் பின்னாளில் எழுதினார்.

1897 ஜனவரியில், பதினான்கு வயது சுப்பையா எட்டயபுரம் ராஜாவுக்கு ஒரு மனு எழுதினான். படிப்புக்குப் பண உதவி கேட்டு. மனுவையும் செய்யுளாகவே எழுதியிருந்தான்! அதே வருடம் கடையத்துச் செல்லம்மாவோடு கல்யாணம். பெண்ணுக்கு ஏழு வயது. அன்றைக்கு அது சகஜம், இன்றைக்குப் படிக்கும்போது நெஞ்சு திக்கென்றுதான் ஆகிறது. அடுத்த வருடம், 1898-ல், கடனும் கவலையுமாக அப்பா இறந்துபோனார். மெஷின் கனவு அதோடு முடிந்தது.

சுப்பையா காசிக்கு, அத்தை குப்பம்மாள் வீட்டுக்குப் போனார். சம்ஸ்கிருதம், இந்தி, கங்கைக் கரை என்று நாலு வருடம். அப்புறம் மறுபடி எட்டயபுரம் அரண்மனையில் வேலை. ராஜாவுக்குத் துணையாக இருப்பது, புத்தகமும் பத்திரிகையும் படித்துச் சொல்வது மாதிரியான உத்தியோகம். பொழுது போகாத ஒரு ராஜாவின் நியூஸ் ஃபீட் என்று வேண்டுமானால் சொல்லிக்கலாம். ரெண்டு வருடத்துக்கு மேல் தாங்கவில்லை. கொஞ்ச நாள் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழ் வாத்தியார். 1904 நவம்பரில், இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத நிலையில், சென்னை சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர். பிறந்த வருடத்தில் தொடங்கிய அதே பேப்பர்.

தந்தியில் வந்த உலகம்

சப் எடிட்டர் வேலைன்னா என்னன்னு எனக்குத் தெரியும் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். தந்தியில் இங்கிலீஷில் செய்தி வரும். ஜப்பானும் ரஷ்யாவும் சண்டை போடுகின்றன, லண்டன் பார்லிமென்ட்டில் யாரோ பேசினார், வங்கத்தில் கலவரம். எல்லாவற்றையும் அன்றைக்கே தமிழாக்க வேண்டும். டிக்‌ஷனரி புரட்ட நேரம் இருக்காது. பக்கத்திலேயே ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கிறவர்கள் தாளுக்காகக் காத்திருப்பார்கள்.

கல்கத்தாவிலும் டோக்கியோவிலும் நடப்பதற்குத் தமிழில் சொல்லே கிடையாத காலம். பின்னாளில் ஒரு கட்டுரையில், மெம்பர் என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடி அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டதைச் சொல்கிறார் பாரதி. ஏதேதோ வார்த்தைகளை உருட்டிப் பார்த்து, ஒன்றும் உட்காராமல், கடைசியில் மெம்பர் என்றே எழுதிவிட்டாராம். கீபோர்டில் தமிழும் இங்கிலீஷுமாக மாத்தி மாத்தித் தட்டுகிற நமக்கு அந்த அரை மணி நேரம் புரியும். ஆனா நாம அரை மணி நேரம் யோசிப்போமாங்கிறது வேற கதை.

1905-ல் பெண்களுக்காக 'சக்ரவர்த்தினி' என்ற மாத இதழைக் கவனிக்க ஆரம்பித்தார். 1906-ல் வந்தது 'இந்தியா'. வார இதழ். சிவப்புத் தாளில் அச்சிட்டார்கள். முதல் பக்கத்திலேயே அரசியல் கார்ட்டூன். தமிழ்ப் பத்திரிகையில் கார்ட்டூனைத் தொடர்ந்து ஆயுதமாகப் பயன்படுத்தியதில் 'இந்தியா'தான் முன்னோடி. கருத்து பாரதியுடையது, வரைந்தவர் ஓவியர். படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், சிரித்தவரிடம் பக்கத்திலிருப்பவர் விஷயத்தை விளக்கலாம். மீம்ஸுக்கு நூறு வருடம் முந்தைய மீம்ஸ்.

அதன் சந்தா விவரத்தைக் கேளுங்க. அரசாங்கங்களுக்கு வருடத்துக்கு 50 ரூபாய். ஜமீன்தார், ராஜா, பிரபுக்களுக்கு 30 ரூபாய். மாத வருமானம் 200 ரூபாய்க்கு மேல் போகாதவர்களுக்கு வெறும் 3 ரூபாய். மற்ற எல்லாருக்கும் 15. பேஸிக், பிரீமியம் என்று இன்றைக்கு ஓ.டி.டி-யில் பார்க்கிறோமே, அதில் இல்லாத ஒரு நியாயம் இதில் இருக்கு. உங்க பாக்கெட்டைப் பார்த்து விலை. தன்னைத் திட்டுகிற பேப்பருக்குக் கவர்ன்மென்ட் அதிகமாகக் காசு கட்டணும் என்ற குறும்பு எனக்கு ரொம்பப் பிடிச்சது.

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி முன்னால் நின்றார். அதே ஹார்வி கம்பெனியின் ஆலை. வ.உ.சி-யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் இந்த வேலைநிறுத்தத்துக்கும் ஆதரவாக பாரதி அத்தனை வேகத்தோடு நின்றதில், எட்டயபுரத்து ஆலையின் நிழல் கொஞ்சமாவது இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அக்கவுன்ட் பிளாக்ட்!

1908-ல் வ.உ.சி-க்குக் கடுமையான தண்டனை. 'இந்தியா'வின் ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசன் கைதாகி ஐந்து வருடம் சிறை. அடுத்தது பாரதிதான் என்று நண்பர்கள் பயந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியில் பிரிட்டிஷ் போலீஸ் கைது செய்ய முடியாது. பாரதி இங்கே வந்து சேர்ந்தார். கொஞ்ச நாளில் அச்சு இயந்திரமும் வந்து சேர்ந்தது. 1908 அக்டோபரில் 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து மறுபடி வெளிவந்தது. சீனிவாசன் சிறையில் இருக்க பாரதி தப்பி வந்தது சரியா என்று அன்றைக்கே கேட்டவர்கள் உண்டு. சுலபமான பதில் கிடையாது. கேள்வியை மறைக்க வேண்டியதும் இல்லை.

அடுத்த ஒன்றரை வருடம் செம வேகம். 'இந்தியா', 'விஜயா' என்ற தினசரி, 'கர்மயோகி', ஆங்கிலத்தில் 'பால பாரதா'. வெறும் கார்ட்டூன்களுக்கென்றே 'சித்ராவளி' என்று ஒரு இதழ் கொண்டுவரப் போவதாக அறிவிப்பு வேறு. அது நடக்கவில்லை.

பிரிட்டிஷ் அரசு என்ன செய்தது தெரியுமா? அச்சிடுவதைத் தடுக்க முடியாது, அது பிரெஞ்சு மண். ஆனா படிக்கிறவர்கள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம்தானே இருக்காங்க. தபாலில் பேப்பரை உள்ளே விடாமல் நிறுத்திவிட்டது. எழுதலாம், அச்சடிக்கலாம், யாருக்கும் போய்ச் சேராது. இதைவிடக் கொடூரமான தடை ஒரு பத்திரிகைக்காரனுக்கு வேறு கிடையாது. போஸ்ட் போட்டுக்கொண்டே இருக்கீங்க, ரீச் பூஜ்யம். 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. மற்றவையும் ஒவ்வொன்றாக அடங்கின. ஊரில் உளவாளிகள். வருகிற கடிதம் பிரிக்கப்பட்டிருக்கும். கையில் காசு இல்லை.

பேப்பர் நின்ற அந்த வருடங்களில்தான் குயில் பாட்டும், கண்ணன் பாட்டும், பாஞ்சாலி சபதமும் பிறந்தன. சில வருடங்கள் கழித்து சுதேசமித்திரனில் மறுபடி எழுத இடம் கிடைத்தபோது காளிதாசன், சக்திதாசன் என்று வேறு வேறு பேர்களில் எழுதினார். 'தராசு' என்று ஒரு பத்தி. ஒரு தராசு பேசும், வருகிறவர்களின் கேள்விகளை எடை போட்டுப் பதில் சொல்லும். புதுமை எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஆள் என்றும் நினைக்காதீங்க. ஊருக்கு ஊர் பரவிய ஹார்மோனியப் பெட்டி மேல் அவருக்குச் சரியான கடுப்பு. அது காதைக் கெடுக்கிறது என்று எழுதித் தீர்த்தார்.

வீட்டுக்குள் விளையாட்டு

இப்போ அந்த வீட்டுக்குள்ளே வாங்க. மூத்த மகள் தங்கம்மாள். இளையவள் சகுந்தலா, அப்பாவுக்கு அவள் 'பாப்பா'. நண்பர் மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி, பாரதி வீட்டிலேயே பாதி வளர்ந்தவள். மூவருமே பிற்காலத்தில் பாரதியைப் பற்றித் தங்கள் ஞாபகங்களை எழுதினார்கள். புது ஊரில், நெருக்கடியில், போலீஸ் வாசலில் நிற்க வளர்ந்த பிள்ளைகள். ஆனாலும் அவர்கள் சொல்வதில் கடற்கரை உலா வருகிறது, புதுப் பாட்டு போட்டதும் முதலில் கேட்க வைத்தது வருகிறது, குருவிக்கு அரிசியை இறைத்துவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்கிய அப்பா வருகிறார்.

இந்த ஊரில்தான் 'பாப்பாப் பாட்டு' எழுதினார். யூடியூபில் கார்ட்டூன் பாப்பா ஒன்று குதித்துக்கொண்டே பாடுமே, அதுதான். அந்தப் பாட்டு குழந்தையிடம் முதல்ல என்ன செய்யச் சொல்லுதுன்னு யோசிச்சுப் பாருங்க. சாமி கும்பிடச் சொல்லலை, படிக்கச் சொல்லலை. அதெல்லாம் அப்புறம்தான். முதல் வேலை, போய் ஓடியாடி விளையாடு. தனியாக இருக்காதே, கூட்டாளிகளோடு சேர். எட்டயபுரத்து வாசலில் நின்ற பையன் தன் பெண்ணுக்கு வேற எதை முதல்ல சொல்லியிருக்க முடியும்? இன்னைக்கு அந்தப் பாட்டையே மடியில் போனை வைத்துப் போட்டுக்காட்டித்தான் சோறு ஊட்டுகிறோம். ஊட்டுகிறவர்களைக் குறை சொல்லலை, எங்க வீட்லயும் அதே கதைதான்.

அப்பா மாதிரியே ஒரு கம்பெனி

பத்து வருடப் புதுச்சேரி வாழ்க்கை போதும் என்று 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டினார். கடலூரில் கைது. சில வாரங்களில் விடுதலையாகி, மனைவி ஊரான கடையத்துக்குப் போனார். அங்கிருந்து 1920-ல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். நீங்க அவசியம் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இது.

தன் எழுத்து எல்லாவற்றையும் 40 புத்தகங்களாகப் போடப் போகிறேன். ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி. மொத்தம் நாலு லட்சம். இதற்கு முதலாக 20,000 ரூபாய் வேண்டும், நண்பர்கள் கடனாகத் தாருங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல என் புத்தகங்கள் வீட்டுக்கு வீடு சாதாரணமாகிவிடும். இதுதான் சாரம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் அந்தக் காலத்து டெக்னாலஜி. ஒரு தலைமுறைக்குள் குடிசை வரை போய்ச் சேர்ந்த சரக்குகள். கவிதை அவற்றோடு போட்டி போடணும் என்று நினைத்திருக்கிறார் மனுஷன். அப்பா ஆலைக்குப் பணம் திரட்டினார், மகன் அச்சுக்கு. மகனுக்கு அந்த அளவுகூடச் சேரவில்லை. ஆதரவு கிட்டத்தட்ட இல்லை. திட்டம் காகிதத்திலேயே நின்றது.

1920 கடைசியில் மறுபடி சென்னை, மறுபடி சுதேசமித்திரன். 1921-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை தள்ளி விழுந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. அதிலிருந்து எழுந்து வேலைக்கும் போனார், வெளியூர் கூட்டங்களிலும் பேசினார். அவரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. வயது 38. நாலு லட்சம் பிரதி கனவு கண்டவரின் இறுதி ஊர்வலத்தில் வந்தவர்கள் மிகச் சொற்பம்.

அவர் குரலைப் பதிவு செய்த ஒரு இசைத்தட்டுகூட இல்லை. கிராமபோன் தமிழ்நாட்டுக்கு வந்த பிறகும் வாழ்ந்தவர், நன்றாகப் பாடக்கூடியவர், ஆனாலும் இல்லை. போட்டோக்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதில் புதுச்சேரியில் எடுத்ததும் உண்டு. நாம ஒரே நாள்ல எடுக்கிற செல்ஃபியைவிடக் குறைவு.

ஆனா செத்த பிறகு மெஷின்கள் அவரை விடவில்லை. செல்லம்மாவும் பிறகு தம்பி விசுவநாதனும் புத்தகங்களைப் பதிப்பித்தார்கள். ரேடியோ வந்தது, பேசும்படம் வந்தது, பாட்டுகளுக்குக் கிராக்கி ஏறியது. பாரதி பாட்டை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் பயன்படுத்தும் உரிமை தனியாக விலைபோனது. கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஏவி.மெய்யப்பனிடம் வந்தது. 1947-ல் அவர் எடுத்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் பாட, சிறுமி கமலா ஆட, பாரதி பாட்டு தியேட்டர் தியேட்டராக ஒலித்தது. வேறொரு படத்தில் டி.கே.சண்முகம் பாரதி பாட்டை வைத்தபோது, உரிமை யாருடையது என்று வழக்கு வரை போனது. மக்களுக்காக எழுதியவரின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி வாங்குவதா என்று நாடகக்காரர்களும் எழுத்தாளர்களும் கொதித்தார்கள். மெய்யப்பன் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-ல் சென்னை அரசு குடும்பத்தினரிடமிருந்து பதிப்புரிமையையும் வாங்கிக்கொண்டது. சில வருடங்களில் அது பொதுச்சொத்தானது. அதனால்தான் இன்றைக்கு நீங்க அவர் பாட்டைப் பின்னணியில் போட்டு ரீல்ஸ் எடுத்தாலும், வரிகளுக்காக யாரும் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்புவதில்லை.